துரை மூன்று முறை கூப்பிட்டான்

வியாழக்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு

என் அருமை மகள் பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் சுகம், அப்பா சுகம், எண்ணெய் போட்டபிறகு தையல் மெஷினும் சுகம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு, ஆய்வகத்தில் நின்று நின்று காலை வீங்க வைத்துக்கொள்ளாமல் சுகமாக இருப்பாய் என்ற நினைப்பிலேயே எழுத உட்கார்ந்தேன். துரையை மட்டும் சுகம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது, அதற்குத்தான் இந்தக் கடிதம். வாராவாரம் போனில் பேசுகிறவளுக்குத் திடீரென்று என்ன கடிதம் என்று கேட்பாய். போனில் இப்போதெல்லாம் ஒரே இரைச்சல், நீ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறது, கம்பெனிக்காரனைத் திட்டித் திட்டி எனக்கு வாய் வலிக்கிறது. கேமராவும் கெட்டுப்போய்விட்டது என்று முன்பே சொன்னேன். எழுத்துத் தட்டி அனுப்பும் வித்தை எனக்கு வராது. தவிரவும் இதைப் பேச்சில் சொன்னால் நீ அழுவாய், நான் கோபப்படுவேன், அப்பா நடுவில் நின்று முழிப்பார். எழுத்தில் அந்த வம்பு இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் துரையை ஒருவர் வந்து எடுத்துப் போகிறார். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவன் வேறு வீட்டுக் கிளி ஆகியிருப்பான். முன்னாலேயே சொன்னால் நீ அங்கிருந்தே தடுத்துவிடுவாய் என்று தெரிந்துதான் தபாலில் போடுகிறேன். எட்டாம் வகுப்பில் இறகு முளைக்காத குஞ்சாக அட்டைப்பெட்டியில் வைத்துக் கொண்டு வந்து, நானே வளர்ப்பேன், நீங்க யாரும் தொடவே வேணாம் என்று சொன்னவள் நீ. வேலை கிடைத்ததும் விமானம் ஏறிவிட்டாய், அவன் என் தலையில் விழுந்தான். அதற்காக உன்னைக் குறை சொல்லவில்லை. முன்பு அவன் செய்ததெல்லாம் சிரிக்கிற மாதிரியான சேட்டைதான். மெஷினுக்கு அடிநூல் சுற்றி வைத்த பாபினைக் கவ்விக்கொண்டு பீரோ மேல் ஏறி நூல் முழுவதையும் உருவி விடுவான். பொத்தான் டப்பாவைக் கவிழ்த்து சிவப்பை மட்டும் பொறுக்குவான். அளவு டேப்பில் முதல் இரண்டு அங்குலத்தைக் கடித்துத் துப்பிவிட்டான், நான் அதே டேப்பை வைத்துக்கொண்டு இரண்டிலிருந்து அளக்கிறேன், புதிதாக வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். குக்கர் விசில் மாதிரி அடிப்பான், அப்பா ஓடிப்போய் அடுப்பை அணைப்பார், அன்றைக்கு அரை வேக்காட்டுச் சோறு. வாசல் மணி மாதிரி அடிப்பான், ஒரே காலையில் அப்பா நான்கு தடவை கதவைத் திறந்து வெறும் தெருவைப் பார்த்துவிட்டு வந்தார். நான் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை என்பதை இங்கே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறேன்.

கடைசி ஆறு மாதமாகத்தான் சேட்டை முற்றி ரௌடித்தனம் ஆகிவிட்டது. என்னோடு கொஞ்சுவதை அடியோடு நிறுத்திவிட்டான். நான் மெஷினில் உட்கார்ந்தால் போதும், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் தொண்டை கிழியக் கத்துகிறான். நானும் திரும்பி, ஏன்டா என் உயிர வாங்குற என்று கத்துகிறேன். அவனுக்கு அதில் என்ன சந்தோஷமோ, தலையை மேலும் கீழும் ஆட்டுகிறான். போன மாதம் பின்னாலிருந்து தோளில் வந்து உட்கார்ந்து வலது காதைக் கடித்துவிட்டான், தோடு போடுகிற இடத்தில் ரத்தம். மாடி வீட்டு டீச்சர் கம்ப்யூட்டரில் பாடம் நடத்துகிறாள் அல்லவா, அவள் இறங்கி வந்து, அக்கா, பசங்க கணக்க விட்டுட்டு கிளி எங்க மிஸ், கிளியக் காட்டுங்க மிஸ்னு உயிர எடுக்குறாங்க என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் மூன்றாவது தடவை வந்தபோது சிரிக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கோட்டு விவகாரம். பல் டாக்டரம்மா தன் ஆஸ்பத்திரிக்கு ஆறு வெள்ளைக் கோட்டு தைக்கக் கொடுத்திருந்தார். கையால் ஓட்டுத் தையல் போட்டு, அதன்மேல் மெஷின் தையல் போட்டு, இஸ்திரி செய்து கொடுத்தனுப்பினேன். மறுநாள் அவர் ஒரு நோயாளியின் பல்லைப் பிடுங்கக் கையைத் தூக்கியிருக்கிறார், கோட்டின் கை அக்குளோடு கழன்று தொங்கிவிட்டது. பல்வலியோடு படுத்திருந்த ஆள் வாயைத் திறந்தபடியே சிரித்தாராம். கோட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை, துரைதான் நூலை உருவிவிட்டான் என்று சொன்னேன். அட, உங்க கிளிக்கு என் மேல என்ன கோபம் என்று சிரித்துவிட்டுப் போனார். அன்றைக்கே துரையின் கூண்டைப் பின்கட்டுக் குளியலறையில் வைத்து, லைனிங்குக்கு வைத்திருந்த கறுப்புத் துணியை மேலே போர்த்தினேன். பத்து நாளாக அங்கேதான் இருக்கிறான். கத்தல் அதிகமாயிற்றே தவிர குறையவில்லை, போதாததற்குத் தன் மார்பு இறகைத் தானே பிடுங்கிப் போட ஆரம்பித்தான். குளிக்கப் போகும்போதெல்லாம் தரையில் பச்சை இறகு.

அதைப் பார்த்துத்தான் அப்பா நூலகத்துக்குத் தொட்டிச் செடி கொடுக்கிற நர்சரிக்காரரிடம் பேசினார். அவர் தோட்டத்தில் வலை போட்ட பெரிய அறை கட்டி இருபது பறவை வளர்க்கிறாராம். உன் அப்பாவைப் பற்றித் தெரியுமே, நூலகத்தில் முப்பது வருஷம் உஷ் உஷ் என்று சொல்லிச் சொல்லிக் குரலை அங்கேயே வைத்துவிட்டு வருகிறவர், வீட்டிலும் வாய்க்குள்ளேயேதான் பேசுவார். இப்போது கொஞ்ச நாளாக எது சொல்வதானாலும் எழுந்து வந்து எனக்கு எதிரே நின்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், வயதான காலத்தில் பாசம் பொங்குகிறது போல. அப்படி வந்து நின்று, நோய் இல்லன்னு டாக்டர்கிட்ட காட்டிட்டுக் குடுக்கச் சொல்றார், மத்த பறவைக்குத் தொத்திடக் கூடாதாம் என்றார். நேற்று பறவை டாக்டரிடம் போனோம். உன் வயதுப் பெண்தான். நோய் ஒன்றும் இல்லை என்றாள். கத்தும்போது திருப்பிக் கத்தினால் அதற்கு அது விளையாட்டாம். கடித்தால் கையை உதறாமல், பேசாமல் கீழே இறக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டுமாம். நூல் தீர்ந்த கட்டை, அட்டை, மரத்துண்டு என்று கொடுத்து அலகுக்கு வேலை வைக்க வேண்டும், இருட்டில் அடைத்துத் தண்டனை கொடுக்கவே கூடாது. மெதுவாகக் கூப்பிடும்போது பதில் சொல்ல வேண்டும், கத்தும்போது சொல்லக் கூடாது. இதெல்லாம் இனி நர்சரிக்காரருக்குத்தான் பயன்படும். துணி தைக்கக் கொடுக்க ஆள் வந்திருக்கிறது, மீதியைப் பிறகு எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மாலை

மேலே எழுதியதைக் கிழித்துவிட்டுப் புதுத்தாளில் ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பிறகு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா உன்னிடம் எங்கெங்கே பொய் சொல்லியிருக்கிறாள் என்று நீயும் பார்க்க வேண்டும் அல்லவா. பல் டாக்டரம்மாவின் கோட்டில் துரை வாயே வைக்கவில்லை. பாபினில் நூல் தீர்ந்துபோனது தெரியாமல் கைப் பகுதி முழுக்கத் தைத்திருக்கிறேன். மேல்நூல் மட்டும் துணிமேல் படுத்திருந்தது, என் ஓட்டுத் தையல்தான் அதைப் பிடித்து வைத்திருந்தது, அதுவும் வெள்ளை நூல் என்பதால் கண்ணில் படவில்லை. அவர் கோட்டை மேசைமேல் வைத்த அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் நூல் இருக்கிறதா என்று நான் பாபினைத் திறந்து பார்த்ததே கிடையாது பாப்பா. நூல் தீர்ந்ததும் மெஷின் சத்தம் லேசாகிவிடும், பாரம் இறங்கிய மாதிரி ஒரு வெறும் சத்தம், அதைக் கேட்டதும் கால் தானாக நின்றுவிடும். அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. பயத்தில், வாயில்லாத ஜீவன் தலையில் பழியைப் போட்டேன். வாயில்லாத ஜீவன் என்று அவனைச் சொன்னால் மாடி வீட்டு டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டாள், ஆனாலும் உண்மை அதுதான்.

பறவை டாக்டர் சொன்னதிலும் முக்கியமானதை மறைத்துவிட்டேன். கால் மணி நேரம் துரையை வெளியே விட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவனுக்குப் பாதி முதுகைக் காட்டியபடி பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். அவன் கத்தினான், திரும்பினேன், அதட்டினேன். அவள் மருந்துச் சீட்டில் எழுதி, மடித்து, என் கையில் கொடுத்தாள். அப்பா கேட்டதற்கு சத்து மருந்து என்று சொல்லிப் பையில் திணித்துக்கொண்டேன். அதில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன். உங்கள் கிளி முதலில் மெதுவாக விசில் அடித்து மூன்று முறை கூப்பிட்டது. நீங்கள் திரும்பவில்லை. நான்காவது முறை கத்தியது, உடனே திரும்பினீர்கள். இதில் கிளியின் தவறு ஒன்றும் இல்லை அம்மா, ஒரு தடவை காது டாக்டரைப் பாருங்கள். இவ்வளவுதான். நீ போனபிறகு நானும் துரையும் பேசிக்கொள்கிற விதம் ஒன்று உண்டு, நீ கற்றுக்கொடுத்த அந்த இரட்டை விசிலை அவன் அடிப்பான், நான் மெஷினை நிறுத்தாமலே நாக்கை இரண்டு தட்டுத் தட்டுவேன். நாள் முழுக்க அதுதான் எங்கள் அரட்டை. அவன்தான் அதை நிறுத்திவிட்டான், நன்றி கெட்டவன் என்று ஆறு மாதமாக அவன்மேல் கோபத்தில் இருந்தேன். அவன் நிறுத்தவே இல்லை. கூப்பிட்டு, கூப்பிட்டு, பதில் வராமல், கத்தினால்தான் இவள் திரும்புவாள் என்று கண்டுபிடித்திருக்கிறான். காதைக் கடித்ததும் அதற்குத்தான் இருக்குமோ என்னவோ.

வெள்ளிக்கிழமை அப்பா வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு என்னை நானே சோதித்தேன். ஒரு தடவை நூலோடு, ஒரு தடவை வெறும் பாபினோடு, கண்ணை மூடிக்கொண்டு மெஷினை ஓட்டினேன். இரண்டும் ஒன்றுதான் எனக்கு. இடது உள்ளங்கையை மேசைமேல் பதித்து ஓட்டினால் மட்டும் வித்தியாசம் கையில் தெரிகிறது. அதைக் கண்டுபிடித்தபோது கொஞ்சம் அழுதேன், சந்தோஷமா துக்கமா என்று கேட்காதே. முகத்தைக் கழுவக் குளியலறைக்குப் போனேன், அங்கே அவன். கறுப்புத் துணியை எடுத்தேன். மார்பில் உள்ளங்கை அளவுக்கு வெறும் தோல், உரித்த கோழி மாதிரி. என்னைப் பார்த்ததும் கம்பியின் கோடிக்கு ஒதுங்கிப் போனான். கூண்டைத் தூக்கி வந்து மெஷினுக்கு நேர் எதிரே, நான் நிமிர்ந்தால் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன். ரொம்ப நேரம் சும்மாவே இருந்தான். பிறகு அவன் கழுத்து இறகு லேசாக உப்பி அடங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் உப்பியதைப் பார்த்தேன், நாக்கை இரண்டு தட்டுத் தட்டினேன். அப்படியே உறைந்துவிட்டான். தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தான், இன்னொரு தடவை கழுத்து உப்பியது, இன்னொரு தடவை தட்டினேன். பக்கவாட்டில் நடந்து, நடந்து, என் பக்கத்துக் கம்பிவரை வந்துவிட்டான். அன்றைக்கு மாலைவரை ஒரு கத்தல் கிடையாது.

நேற்று புதுக் கோட்டு தைத்து எடுத்துக்கொண்டு பல் டாக்டரம்மாவிடம் போனேன். கிளி ஒண்ணும் பண்ணல டாக்டர், பாபின்ல நூல் தீந்தது எனக்குக் கேக்கல என்று சொல்லிவிட்டேன். இனி என்னிடம் துணி கொடுக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் பேச வாயெடுத்தவர், முகமூடி போட்டிருப்பது நினைவு வந்து, அதைக் கழற்றிவிட்டு என் முகத்தைப் பார்த்து மெதுவாகப் பேசினார். காது டாக்டரின் பெயரை எழுதிக் கொடுத்தார், புதன்கிழமை போகப் போகிறேன். திரும்பி வந்து அப்பாவிடம் பறவை டாக்டரின் சீட்டைக் காட்டினேன். படித்துவிட்டு அவர் ஆச்சரியப்படவே இல்லை, எனக்குக் கோபம் கோபமாக வந்தது. தெரியுமா உங்களுக்கு என்றேன். தெரியும் என்றார். பாசம் பொங்கி ஒன்றும் எதிரே வந்து நிற்கவில்லை உன் அப்பா, அவர் உதட்டை நான் பார்க்கட்டும் என்றுதான் நின்றிருக்கிறார். ஏன் சொல்லல என்றேன். சொன்னா நீ கோபப்படுவ, சொல்லாம கிளியக் குடுத்தா நீ அழுவ, எதுக்குப் பயப்படுறதுன்னு தெரியாம இருந்தேன் என்றார். இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டு நான் என்ன செய்வது, நீயே சொல்.

இன்று காலை நர்சரிக்காரர் கூண்டோடு வந்தார். துரை என் தோளில் இருந்தான், அப்பா அவரை உட்கார வைத்து டீ கொடுத்து, கிளியைக் கொடுக்கவில்லை என்று மெதுவாகச் சொல்லி அனுப்பினார். மனிதர் ஒன்றும் முகம் சுளிக்கவில்லை, மிளகாய்ச் செடி ஒன்றை அவனுக்கென்று வைத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகு அப்பா இன்னொன்றும் சொன்னார். தினமும் மாலை ஆறு மணிக்கு, நீ வேலை தேடிக்கொண்டிருந்த நாளில் வீடு திரும்புவாயே அந்த நேரத்துக்கு, துரை உன் குரலிலேயே, அம்மா நான் வந்துட்டேன் என்று சொல்வானாம். நீ போனதிலிருந்து ஒரு நாள் விடாமல் சொல்கிறானாம். முதலில் சில மாதம் நானும் கேட்டிருக்கிறேன், நினைவிருக்கிறது. பிறகு மறந்துவிட்டான் என்று நினைத்தேன். நான் கேட்டும் கேட்காததுபோல இருக்கிறேன், உன் நினைப்பு தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன் என்று நினைத்து அப்பாவும் இதைப் பற்றிப் பேசியதில்லை. இன்றைக்கு ஆறு மணிக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தேன். அலகு திறந்து மூடியது. அப்பா தலையை ஆட்டினார். வாடிம்மா என்றேன்.

இதையெல்லாம் உன்னிடம் மறைத்ததற்கு ஒரே காரணம்தான். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்பாய். வரக் கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன். போனில் இரைச்சல் என்றதும் பொய், கேமரா கெட்டுவிட்டது என்றதும் பொய், முகத்தைப் பார்த்தால் நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். ஆறு மாதமாகப் போனில் நீ பேசியது எதுவும் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. நீ நிறுத்துகிற இடம் பார்த்து, சாப்டியா, சரிம்மா, உடம்பப் பாத்துக்க என்று மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். அம்மாகிட்ட மட்டும் பேசணுமாம் என்று அப்பா போனை என்னிடம் நீட்டினார். அன்றைக்கு நீ நெடுநேரம் பேசினாய். மெதுவாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாய் என்பது மட்டும் தெரிந்தது. நீ நிறுத்தும்போதெல்லாம், சரிம்மா, உன் இஷ்டம், நீ யோசிச்சு செஞ்சா சரியாத்தான் இருக்கும் என்று சொன்னேன். கடைசியில் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு வைத்துவிட்டாய். என்ன சொன்னா என்று அப்பா கேட்டார், அங்க மழையாம் என்றேன். நான் எதற்குச் சரி சொன்னேன் என்று எனக்குத் தெரியாது பாப்பா. நல்ல செய்தியோ, கஷ்டமோ, யாரைப் பற்றியோ, அதுவும் தெரியாது. அதற்குப் பிறகு நீ போனில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேசுவதில்லை என்று அப்பா சொல்கிறார். துரைக்குப் பதில் வராவிட்டால் கத்தத் தெரியும். நீ சின்ன வயதிலிருந்தே கத்துகிற பிள்ளை இல்லை, ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசாமல் போய்விடுவாய்.

உடம்பைப் பார்த்துக்கொள். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூட வேண்டும், மனசில் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். துரைக்கு மார்பில் புது இறகு முனை தட்டுப்பட ஆரம்பித்திருக்கிறது என்று அப்பா சொல்கிறார், எனக்கு இன்னும் கண்ணில் படவில்லை. மறந்துவிடாதே, போன் வேண்டாம், தாளில் எழுது. அன்றைக்குச் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் திரும்ப எழுதி அனுப்பு. இந்தத் தடவை அம்மா கேட்கிறேன்.

உன்னை எப்போதும் நினைத்துக்கொண்டிருக்கும்,
அம்மா